எட்டு நடை

ஆறு மணிக்குத்தான் செல்லமுத்து பூட்டைத் திறப்பார்.
ஐந்தே முக்காலுக்கே நாங்கள் நான்கு பேர்
கம்பிக்கு வெளியே நிற்போம்,
டிப்போவில் முதல் வண்டிக்கு நிற்கிற மாதிரி.

சூரம்பட்டிப் பூங்காவில் பலகை ஒன்று உண்டு:
பூப் பறிக்கக் கூடாது, பந்து ஆடக் கூடாது,
உணவுப் பொருள் கொண்டுவரக் கூடாது.
மூன்றாவது வரியின் மேல் வேப்பங்கொப்பு சாய்ந்திருப்பதால்
எங்களில் யாருக்கும் அது தெரியாது.

காதர் மொய்தீன் பேப்பரைப் பின்பக்கமிருந்து பிரிப்பார்.
கண்ணீர் அஞ்சலியில் தெரிந்த முகம் இல்லையென்றால்
"நம்மாளு ஆரும் போகலீங்க" என்று மடித்துவிட்டு நடப்பார்.
பொங்கியண்ணன் மஞ்சள் மண்டியில் எடை போட்டவர்;
விட்டு ஏழு வருசம், நகக்கண் இன்னும் மஞ்சள்.
ஸ்டெல்லா டீச்சர் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை
இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டே போவார்.

நான் கண்டக்டர். ஈரோடு – தாராபுரம், முப்பத்தொரு வருசம்.
நின்றே பிழைத்த காலை
நடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார் டாக்டர்.
அதே டாக்டர், அதே சீட்டு,
ராக்கியப்பனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ராக்கியப்பன் என் தங்கச்சி மயிலாத்தாளின் வீட்டுக்காரர்.
கிணத்துக்குப் போகிற வண்டித்தடம்
பத்தடியா, பன்னிரண்டடியா?
ஒன்பது வருசமாகப் பெருந்துறைக் கோர்ட்டில்
நான் வாதி, அவர் பிரதிவாதி.
அவர் ஊட்டு வாசப்படியை நான் மிதிப்பதில்லை.
என் ஊட்டு எழவுக்கும் அவர் வரவில்லை.
கார்ப்பரேஷன் கேட்டில் மட்டும்
யார் பேரும் எழுதியிருக்கவில்லை.

எட்டு நடைக்கு மூன்றடிப் பாதை.
நான் வடக்கே தொடங்குவேன்.
நான் வடக்கே தொடங்குவதால் அவர் தெற்கே.
எட்டு நடந்தவர்களுக்குத் தெரியும்,
எப்படிச் சுற்றினாலும் அதன் இடுப்பில் முட்டியாக வேண்டும்,
ஒருவர் நின்றால்தான் ஒருவர் போகலாம்.
ஒரு சுற்று நான் நிற்பேன், மறு சுற்று அவர்.
பேச்சு இல்லை.
அரை மணி நேரம்
தடம் விட்டுக்கொண்டே இருப்போம்.
இதை என் வக்கீலிடம் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரம்பரைக் கூட்டம்.
மகன்கள், மருமகள்கள், யாரோ ஒருவரின் சம்பந்தி,
சறுக்குப்பலகைக்கு வரிசையில் பேரன் பேத்திகள்.
மயிலாத்தாள் போசி நிறைய அரிசியும்பருப்புஞ் சோறு கொண்டுவருவாள்.
ஒரு தட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு.
டீச்சர் அதை என் கையில் கொடுப்பார்.
"டீச்சருக்குத்தான் குடுத்தேன்,
அவங்க ஆருக்குக் குடுத்தா எனக்கென்னங்?"
என்பாள், புருசன் கேட்காத கேள்விக்கு.
நெய் மட்டும் எனக்குப் பிடித்த அளவில் இருக்கும்.

ஐப்பசி மழை விட்ட காலையில்
எட்டின் நடுவில் பாசி.
அன்று நிற்க வேண்டிய முறை அவருடையது.
நின்றவருக்குக் கால் வழுக்கியது.
என் கை தானாகப் போய் அவர் தோளைப் பிடித்தது.
வாயும் தானாகவே,
"கம்பியப் புடிங்க, கம்பியப் புடிங்க!"
கம்பிக்கு எங்கே போவார்.
என் முழங்கையைப் பிடித்து நிமிர்ந்தார்.
வேட்டியில் சேற்றைத் தட்டினார்.
"டிக்கெட் எடுக்கலீங்களே மச்சான்" என்றார், சிரிக்காமல்.
பிறகு நான் தெற்கே போனேன், அவர் வடக்கே.
டீச்சர் அந்தச் சுற்றுக்குக் கொட்டை மாற்ற மறந்துவிட்டார்.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.
அது அப்படியே இருக்கிறது.

போன வாரம் செல்லமுத்து சொன்னார்,
பாதையில் அம்புக்குறி வரையப் போகிறார்களாம்.
இனி எல்லோரும் ஒரே திசையில்தானாம்,
யாரும் யாரையும் முட்ட வேண்டியதில்லையாம்.
டீச்சர் அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தார்.
"அம்புக்குறி வேண்டாம், சரி. காரணம்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
"பெயிண்ட் வழுக்குமுங்க" என்றார் பொங்கியண்ணன்.
அதையே எழுதினோம்.

முதல் கையெழுத்து நான்.
பேனாவை மயிலாத்தாளிடம்தான் கொடுத்தேன்.
அவ ஆருக்குக் குடுத்தா எனக்கென்னங்?